நாய்க்கு ஒரு ஆள் வேணும்

மார்கழி, தை மாசம் வந்தா எங்க ஊர்ல எந்தத் திண்ணைக்கு அடியில பார்த்தாலும் நாய்க்குட்டிங்க கிடக்கும். அந்த நேரத்துல டவுன்ல இருக்கற சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க எல்லாம் கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. "பசங்க நாய் வேணும்னு அடம் பிடிக்கறாங்க அண்ணா, நல்ல நாட்டுக் குட்டியா ஒண்ணு பார்த்து வைங்க." கூடவே இன்னொண்ணும் கேப்பாங்க. "கொண்டு வர்றதுக்கு முன்னாடி வீட்ல என்னென்ன தயார் பண்ணணும்?"

சங்கிலி, தட்டு, மெத்தை எல்லாம் கடையில கிடைக்குது. அதைப் பத்தி எழுத நான் தேவையில்லை. ஆனா இந்தக் கேள்விக்கு எங்க செங்கம் பக்கத்துல 1,400 வருஷத்துக்கு முந்தின பதில் ஒண்ணு கல்லுல இருக்குது. அங்கிருந்து தொடங்கினாத்தான் நான் சொல்ல வர்றது புரியும்.

எடுத்தனூர் கல்

எங்க திருவண்ணாமலை மாவட்டத்துல நடுகல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஏரிக்கரையில, கொல்லை ஓரத்துல, வேப்பமரத்தடியில எங்கயாவது ஒரு பலகைக்கல் நிக்கும். அதுல கையில வில்லோ கத்தியோ வச்சுக்கிட்டு ஒரு ஆள் நிப்பான். எங்க ஜனங்க அதை வேடியப்பன்னு சொல்லிக் கும்பிடறாங்க. அந்தக் காலத்துல மாடு கன்னுதான் சொத்து. அதைப் பிடிச்சிட்டுப் போக வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்தவங்களுக்கு ஊர்க்காரங்க நட்ட கல்லுங்க இவை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இந்தக் கல்லுங்களை எல்லாம் தேடிப் படிச்சு, 1972ல் 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமாவே போட்டது. அப்போ துறையை நடத்தினவர் இரா. நாகசாமி.

அதுல ஒண்ணு எடுத்தனூர் கல். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனோட 34ஆம் ஆட்சியாண்டுல நட்டது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்கிற வீரன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டான்னு அதுல வெட்டியிருக்காங்க. வீரன் பக்கத்துல ஒரு நாய் நிக்குது. அந்த நாய்க்கும் தனியா எழுத்து இருக்குது. கோவிவன் என்ற அந்த நாய் ரெண்டு திருடனுங்களைக் கடிச்சுக் காவல் காத்து நின்னுச்சுன்னு சொல்லுது.

நினைச்சுப் பாருங்க. கல்லுல எழுத்து வெட்டறது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் உளி, கூலி, நேரம் எல்லாம் ஆகும். அப்படியும் அரசன் பேர், வீரன் பேர், அந்த நாயோட பேர் மூணையும் ஒரே கல்லுல போட்டு வச்சிருக்காங்க. நாய் என்ன ஜாதி, என்ன நிறம், என்ன விலைன்னு ஒரு வார்த்தை கிடையாது. அதுக்கு என்ன பேர், என்ன வேலை பண்ணுச்சு, யார் பக்கத்துல நின்னுச்சு, இவ்வளவுதான் இருக்குது. இந்த மூணும் இருந்தாத்தான் அது வீட்டு நாய். இல்லைன்னா அது வெறும் நாய்.

காளிக்கு வச்சுட்டுத்தான் சாப்பாடு

இதே மாதிரி இன்னொரு கல்லு கர்நாடகத்துல இருக்குது. ஆனா அதோட கதை தொடங்கறது நம்ம ஊர்ல. 949ஆம் வருஷம் அரக்கோணம் பக்கத்துல இருக்கற தக்கோலத்துல பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் சோழ இளவரசன் இராஜாதித்தன், எதிர்ப்பக்கம் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவனுக்குத் துணையா வந்த கங்க அரசன் பூதுகனும். இராஜாதித்தன் யானை மேல இருந்தபடியே இறந்துபோனான்.

அந்தச் சண்டையில பூதுகன் படையில இருந்த மணலேரன் என்கிற வீரன் நல்லா போரிட்டான். சந்தோஷப்பட்ட பூதுகன், "உனக்கு என்ன வேணும், கேள்" என்றான். நிலம், பொன்னு எது வேணும்னாலும் கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டது 'காளி' என்கிற வேட்டை நாயை. வாங்கிட்டு ஊருக்குப் போனான். அப்புறம் ஒரு வேட்டையில காளி பெரிய காட்டுப்பன்னி ஒண்ணோட மோதி, ரெண்டும் சேர்ந்தே செத்துப்போச்சு. மாண்டியா மாவட்டத்து ஆதகூர்ல கோயிலுக்கு முன்னால காளிக்குக் கல்லு நட்டு, அதுக்கு நிலமும் எழுதி வச்சாங்க. நாயும் பன்னியும் மோதற சிற்பத்தோட அந்தக் கல்லு இப்போ பெங்களூர் அருங்காட்சியகத்துல இருக்குது.

எனக்கு அந்தக் கல்வெட்டுல பிடிச்ச சங்கதி வேற. நிலத்தை அனுபவிக்கற பூசாரி தினம் அந்தக் கல்லுக்குப் பூசை பண்ணணும், பண்ணாம சாப்பிட்டா அது பாவம்னு எழுதியிருக்காங்க. செத்துப்போன நாய்க்கே ஒரு ஆளைப் பொறுப்பு போட்டிருக்காங்க. 'ஊர் பார்த்துக்கும்'னு விட்டுடலை. யார் பார்க்கணும், எப்போ பார்க்கணும், பார்க்கலைன்னா என்ன தப்பு என்கிற வரைக்கும் கல்லுல ஏத்தி வச்சாங்க.

யார் வீட்டு நாய்?

நான் சின்னப் பையனா இருந்த எழுபதுகள்ல எங்க ஊர்ல யாரும் நாயைக் காசு கொடுத்து வாங்கினது கிடையாது. நாய் வளர்க்க யாரும் தயாராகவும் இல்லை. ஏன்னா எல்லாம் ஏற்கெனவே தயாரா இருந்தது. மாட்டுக்கொட்டாய் இருந்தது, அதோட வாசல்ல படுத்துக்கும். கேவுரு களி மிஞ்சும், அதைத் தின்னும். ராத்திரியில ஆட்டுப்பட்டிக்கு நரி வரும், மல்லாட்டைக் கொல்லைக்குப் பன்னி வரும், களத்துமேட்டுல நெல்லு குவிஞ்சு கிடக்கும். அதுக்கு வேலைக்குக் குறைவே இல்லை. ஓடறதுக்கு ஏரி வரைக்கும் இடம். எந்நேரமும் வீட்ல ஆள் இருக்கும்.

எங்க ஆயா களி கிண்டி இறக்கினா முதல் உருண்டையைக் கொஞ்சம் கிள்ளி ஓரமா ஆற வச்சுடுவாங்க. அது நாய்க்கு. மிச்சம் இருந்தா போடறது இல்லை, முதல்லயே எடுத்து வைக்கறது. ஆதகூர் கல்லைப் பத்தி ஆயாவுக்குத் தெரியாது. ஆனா சட்டம் அதேதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நாய் எதையாவது பண்ணிட்டா ஊர்ல முதல் கேள்வி "யார் வீட்டு நாய்?" என்பதுதான். கோழியைப் பிடிச்சாலும் சரி, ஆட்டுக்குட்டியைக் கடிச்சாலும் சரி, அந்த வீட்டுக்காரன் பஞ்சாயத்துல நின்னு நஷ்டத்தைக் கட்டணும். "அது நான் சோறு போடற நாய்தான், ஆனா என் நாய் இல்லை" என்று சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

பழசு எல்லாம் பொன்னுன்னு சொல்ல வரலை. பொட்டைக் குட்டியா இருந்தா சாக்குல கட்டி ஏரிக்கரையில விட்டுட்டு வந்தவங்களை எனக்குத் தெரியும். நோய் வந்த நாயை அடிச்சே கொன்னாங்க. மருந்து, ஊசி எதுவும் கிடையாது. இந்த ஊசி சங்கதிதான் பழைய ஊர் வாழ்க்கையில இல்லவே இல்லாத ஒண்ணு. அது இல்லாததால எத்தனை உசுரு போச்சுன்னு அடுத்து சொல்றேன்.

தொப்புளைச் சுத்தி 14 ஊசி

எங்க தெருவுல ஒரு பொண்ணு. எட்டு வயசு இருக்கும். குட்டி நாயோட விளையாடறப்போ கையில பல்லு பட்டுது. ரத்தம்கூட சரியா வரலை. திட்டுவாங்கன்னு வீட்ல சொல்லாம விட்டுட்டா. ரெண்டு மாசம் கழிச்சுக் காய்ச்சல் வந்தது. அப்புறம் சொம்புத் தண்ணியைக் கிட்ட கொண்டுபோனாலே தொண்டை இறுக்கிக்கிட்டுத் துடிச்சா. மந்திரிச்சாங்க, வேர் அரைச்சுக் கொடுத்தாங்க. அஞ்சாம் நாள் போயிட்டா. அந்த வீட்ல அதுக்கப்புறம் யாரும் நாய் வளர்க்கலை. வெறிநோய் அறிகுறி வெளியே தெரிஞ்சுட்டா காப்பாத்தறது அநேகமா முடியாத காரியம். அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான்.

ஆனா கடிபட்ட உடனே ஊசி போட்டா தப்பிச்சுடலாம் என்பது எங்க தெருவுல அந்தப் பொண்ணு சாகறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே தெரிஞ்ச விஷயம். 1885 ஜூலை மாசம் பிரான்ஸ் நாட்டுல லூயி பாஸ்டர், வெறிநாய் கடிச்ச ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயசுப் பையனுக்குத் தன்னோட தடுப்பு மருந்தைப் போட்டார். பையன் பிழைச்சான். நம்ம நாட்டுல 1900ல் வடக்கே கசௌலியில முதல் பாஸ்டர் நிலையம் வந்தது. தெற்கே ஒண்ணும் இல்லை. 1902ல் லில்லி பக்கென்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியில இறந்துபோனாங்க. மருந்து உலகத்துல இருந்தது, கைக்கெட்டற தூரத்துல இல்லை. அந்தச் சாவுக்கு அப்புறம் பணம் திரட்டி, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து, 1907ல் குன்னூர்ல பாஸ்டர் நிலையம் தொடங்கினாங்க. இன்னைக்கும் அது இருக்குது.

அந்த நாள்ல போட்ட மருந்து ஆட்டு மூளையில இருந்து எடுத்தது. டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் கசௌலியில இருந்தப்போ கண்டுபிடிச்ச முறை. வயித்துல தொப்புளைச் சுத்தி 14 ஊசி. என் வயசுக்காரங்களைக் கேட்டுப் பாருங்க, 'நாய் கடிச்சா 14 ஊசி' என்று சொல்லித்தான் எங்களைப் பயமுறுத்தி வச்சிருந்தாங்க. அந்தப் பயத்துலயே கடியை மறைச்ச பிள்ளைங்க எத்தனையோ. சில பேருக்கு அந்த மருந்தாலயே நரம்பு பாதிச்சு கை கால் விழுந்தது. 2004 கடைசியோட இந்த மருந்து தயாரிக்கறதை நாடு முழுக்க நிறுத்திட்டாங்க. இப்போ போடறது வேற மருந்து. கையிலதான் போடறாங்க, நாலஞ்சு தடவைதான், அரசு ஆஸ்பத்திரியில காசில்லாமலே போடறாங்க.

இப்பவும் உலகத்துல வெறிநோயால வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் சாகறதா உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. மனுஷனுக்கு வர்ற வெறிநோயில 100க்கு 99 நாயாலதான். கடிபடறவங்கள்ல 40 சதவீதம் 15 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்க. அதாவது 'நாய் வேணும்'னு அடம் பிடிக்கற அதே வயசு. அதனால குட்டிக்குப் பேர் வைக்கறதுக்கு முன்னாடி, பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லி வையுங்க. பல்லு பட்டாலோ நகம் கீறினாலோ திட்ட மாட்டோம், உடனே வந்து சொல்லணும். சொன்னதும் குழாயைத் திறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி.

வேலை போன வேட்டை நாய்ங்க

இப்போ டவுன்காரங்க கேக்கற 'நாட்டு நாய்' பத்தி. நிறைய பேருக்கு நாட்டு நாய்னா ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. பேரைப் பார்த்தாலே தெரியும், பாதி ஊர்ப் பேர்தான். பாளையக்காரங்க, ஜமீன்தாருங்க வளர்த்த நாய்ங்க இவை. ராஜபாளையம் காவலுக்கும் பன்னி வேட்டைக்கும். கோம்பையும் பன்னி வேட்டைக்குப் பேர் போனது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்த. ஒல்லி உடம்பு, நீளக் கால், கண்ணால பார்த்தே துரத்தற ஜாதி. பாளையக்காரங்க வெள்ளைக்காரனோட போரிட்டப்போ இந்த நாய்ங்களும் கூட நின்னுச்சுன்னு தெக்கத்திப் பக்கம் பெருமையா சொல்லுவாங்க.

ஜமீன் போச்சு. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையும் போச்சு. அது நல்ல சட்டம், முயலும் மானும் மிஞ்சினது அதாலதான். ஆனா சில நூறு வருஷமா ஓடறதுக்குன்னே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த நாய்ங்களுக்கு வேலை இல்லாம போயிடுச்சு. வேலை போனா அதை வளர்க்கற ஆளும் குறைஞ்சுபோவான். கிட்டத்தட்ட அழியற நிலைக்கு வந்த அப்புறம்தான் கவனம் திரும்புச்சு. 2005ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வந்தது. தியடோர் பாஸ்கரன் மாதிரி ஆளுங்க இந்திய நாயினங்களைப் பத்தித் தொடர்ந்து எழுதினாங்க. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலிப் பேச்சுல இந்த இனங்களைப் பேர் சொல்லிப் பேசினார். அப்புறம் கேக்கவே வேணாம், எல்லாருக்கும் சிப்பிப்பாறை வேணும்.

வேணும்னு நினைக்கறது நல்லதுதான். ஆனா முயல் துரத்தப் பொறந்த நாயை மூணாவது மாடியில 2 ரூம் வீட்ல வச்சா அது என்ன பண்ணும்? சோபாவைக் கிழிக்கும். கதவைப் பிறாண்டும். 'அடங்கலை' என்று பேர் வரும். அடங்காதது அதோட குத்தம் இல்லை, ஓடறது அதோட ரத்தத்துல இருக்குது. ராஜபாளையத்துல சில வெள்ளைக் குட்டிங்க பொறவியிலயே காது கேக்காம இருக்கும். பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்துட்டு வாங்கணும். வெளிநாட்டுக் கதையும் இதேதான். பனியில வண்டி இழுத்த ஹஸ்கியை வேலூர் வெயில்ல கட்டிப் போடறாங்க. நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இளைச்சுத்தான் சூட்டை வெளியேத்தணும். மூக்கே இல்லாத பக் நாய்க்கு அதுவும் சரியா முடியாது.

பேர் தெரியாத தெருக்குட்டி இருக்கே, அது நம்ம வெயிலுக்கும் மழைக்கும் தாக்குப் பிடிச்சுத் தலைமுறை தலைமுறையா தானா தேறி வந்தது. எடுத்தனூர் கோவிவன் என்ன ஜாதின்னு யாருக்கும் தெரியாது. தேடி அலையாம அதுல ஒண்ணைத் தத்தெடுத்தா இன்னொரு உசுரு ரோட்டுல அடிபடாம தப்பிக்கும்.

வேலை செய்யாத குட்டி

"நாங்க பிளாட்ல இருக்கோம், நாய்க்கு என்ன வேலை கொடுக்கறது? அப்போ வளர்க்கவே கூடாதா?" என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் கல்லு, காவல், வேட்டைன்னுதான் இதுவரை சொல்லியிருக்கேன். அதுக்குப் பதில் நம்ம நாட்டுக்கு வெளியே கிடைச்ச ஒரு புதைகுழியில இருக்குது.

ஜெர்மனியில பான் நகரத்துக்கிட்ட ஓபர்காசல் என்ற இடத்துல 1914ல் கல் உடைக்கறப்போ ஒரு பழைய புதைகுழி கிடைச்சது. ஒரு ஆண், ஒரு பெண், கூட ஒரு நாய். சுமார் 14,000 வருஷத்துக்கு முந்தினது. விவசாயமே கண்டுபிடிக்காத காலம். அந்த நாயோட பல்லை இப்போ சில வருஷம் முன்னாடி ஆராய்ச்சி பண்ணினவங்க சொன்னது இதுதான். அது ஏழு மாசக் குட்டி. அஞ்சு மாசம் இருக்கறப்போ டிஸ்டெம்பர் என்ற கொடிய நோய் வந்திருக்குது. அந்த நோய் வந்த குட்டி சாதாரணமா மூணு வாரம்கூடத் தாங்காது. இது ரெண்டு மாசம் போல உசுரோட இருந்திருக்குது. வாந்தியும் பேதியுமா கிடக்கற குட்டியைச் சூடா வச்சு, கழுவி, தண்ணி கொடுத்து யாரோ பார்த்திருந்தாத்தான் அது நடக்கும்.

அந்தக் குட்டி வேட்டைக்கும் போயிருக்காது, காவலும் காத்திருக்காது. அவங்களே நாளைக்கு என்ன தின்கறதுன்னு தேடற ஜனங்க. அப்படியும் ஒரு ஆள் பக்கத்துல உக்காந்திருக்காங்க. செத்த அப்புறம் தங்களோட ஆளுங்க கூடவே புதைச்சிருக்காங்க. அதனால வேலை இல்லாத நாயை வளர்க்கறது டவுன்காரன் கண்டுபிடிச்ச புதுப் பழக்கம் இல்லை. வேலை இருக்கலாம், இல்லாம போகலாம். பக்கத்துல உக்காரற ஆள் மட்டும் எல்லாக் காலத்துலயும் இருந்திருக்குது.

உங்க வீட்ல அது யாருன்னு முடிவு பண்றதுதான் முதல் தயாரிப்பு. "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்குவோம்" என்று சொல்றது பதில் ஆகாது. ஒரு பேர் சொல்லணும். பத்து வயசுப் பிள்ளை பேரைச் சொல்லக் கூடாது. நாய் 12, 13 வருஷம் இருக்கும். அதுக்குள்ள அந்தப் பிள்ளை காலேஜ் முடிச்சு வேலைக்கே போயிருக்கும்.

அந்த ஆளுக்கு என்ன வேலை

குட்டியைத் தாய்கிட்ட இருந்து பிரிக்க எட்டு வாரமாவது ஆகணும். கண்ணைத் திறந்ததும் தூக்கிட்டு வந்தா பால் சத்தும் கிடைக்காது, கூடப் பொறந்ததோட கடிச்சு விளையாடிப் பல்லோட வலு எவ்வளவுன்னு கத்துக்கறதும் நடக்காது.

வந்த வாரமே கால்நடை டாக்டர்கிட்ட காட்டணும். பூச்சி மருந்து மூணு மாசம் வரைக்கும் 15 நாளைக்கு ஒரு தடவை. டிஸ்டெம்பர், பார்வோ எல்லாத்துக்கும் சேர்த்துப் போடற ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துல தொடங்கி, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, நாலு மாசம் ஆகற வரைக்கும். பார்வோ என்பது 1978 வாக்குல உலகத்துக்குப் புதுசா வந்த நோய். எங்க ஆயா காலத்துல அது கிடையவே கிடையாது. அதனால 'நாங்க ஊசி போடாம வளர்க்கலையா' என்று பெரியவங்க சொன்னா கேக்காதீங்க. ரத்தமா பேதியாகி ரெண்டு மூணு நாள்ல ஒரு ஈத்துக் குட்டி மொத்தமும் போயிடும். வெறிநோய் ஊசி மூணாவது மாசம், அப்புறம் டாக்டர் சொல்ற தேதியில மறுபடி, அதுக்கப்புறம் வருஷா வருஷம். ஊசி எல்லாம் முடியற வரைக்கும் குட்டியைத் தெருவுல மத்த நாய்ங்க மோந்து பார்க்கற இடத்துல இறக்கி விடாதீங்க.

சாப்பாடு பெரிய விஷயம் இல்லை. சோறு, முட்டை, வேகவச்ச கறி, கொஞ்சம் காய், உப்பு காரம் இல்லாம. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூணும் நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு உடைஞ்சா ஊசி மாதிரி குத்தும், போடாதீங்க. காய்ச்சல்னு நம்ம மாத்திரையை உடைச்சுக் கொடுக்காதீங்க. தண்ணித் தட்டு எந்நேரமும் ரொம்பி இருக்கணும்.

காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பகல் முழுக்க எல்லாரும் வேலைக்குப் போற வீடா இருந்தா குட்டியை விட நாலஞ்சு வயசு ஆன நாயைத் தத்தெடுக்கறது நல்லது. ஊருக்குப் போறப்போ யார் பார்ப்பாங்கன்னு அக்கம்பக்கத்துல இப்பவே கேட்டு வையுங்க. மாநகராட்சியில உரிமம் வாங்கணும்னா வாங்கிடுங்க. அது நம்ம ஊர் "யார் வீட்டு நாய்?" கேள்விக்கு எழுத்துல கொடுக்கற பதில்.

பொட்டைக் குட்டியை ஒதுக்காதீங்க. கருத்தடை பண்ணிட்டா பிரச்சினையே இல்லை. நாய்க்குச் சினை 63 நாள்தான். வருஷத்துக்கு ரெண்டு ஈத்து போடும். ஏரிக்கரையில சாக்குல கட்டி விட்ட அந்தக் காலத்துக் கொடுமைக்கு இந்த ஆபரேஷன்தான் மாத்து. சென்னையில ரொம்ப காலம் தெரு நாயைப் பிடிச்சுக் கொன்னுட்டு இருந்தாங்க. கொல்லக் கொல்லக் குறையவே இல்லை. 1959ல் தொடங்கின புளூ கிராஸ்காரங்க கருத்தடைதான் வழின்னு அறுபதுகள்ல இருந்து சொல்லிட்டே இருந்தாங்க. மாநகராட்சி அதை ஏத்துக்கிட்டது 1996ல். 2001ல் அதுக்கு நாடு முழுக்க விதியே வந்தது.

ஏரிக்கரையில இறக்கி விடற கார்

இதை எல்லாம் இவ்வளவு விவரமா எழுதறதுக்குக் காரணம் இருக்குது. எங்க ஊர் ஏரிக்கரையை ஒட்டித் தார் ரோடு போகுது. வருஷத்துக்கு நாலஞ்சு தடவையாவது டவுன்ல இருந்து கார் வந்து நிக்கும். கதவு திறக்கும். கழுத்துல பட்டையோட ஒரு நாய் இறங்கும். கார் போயிடும். அது அந்தக் கார் போன திசையையே பார்த்துக்கிட்டு ரெண்டு நாள் ரோட்டோரம் உக்காந்திருக்கும். சோறு வச்சாக்கூட எழுந்து வராது. ஊர்ல ஏற்கெனவே இருக்கற நாய்ங்க அதைச் சேர்க்காது. ஒண்ணு லாரியில அடிபடும், இல்லைன்னா பசியில ஆட்டுக்குட்டியைப் பிடிக்கும். "யார் வீட்டு நாய்?" என்று பஞ்சாயத்துல கேட்டா பதில் சொல்ல ஆளில்லை. ஆட்டுக்காரனுக்கும் நஷ்டம் கிடைக்காது, நாய்க்கும் நல்ல சாவு கிடைக்காது.

'கிராமத்துல விட்டா எப்படியாவது பிழைச்சுக்கும்' என்று நினைக்கறாங்க போல. பிழைக்காது. நான் மேல சொன்ன மாட்டுக்கொட்டாய், மிஞ்சின களி, ஆட்டுப்பட்டி எல்லாம் எங்க ஊர்லயே பாதி போயிடுச்சு. எங்க வீடும் இப்போ காங்கிரீட்டுதான், கேஸ் அடுப்புதான். முன்னமாதிரி நாய்க்குத் தானா ஒரு இடம் இங்கயும் கிடையாது. இங்கயும் ஒரு ஆள் பொறுப்பெடுத்தாத்தான் அது வாழும்.

கால்நடை ஆஸ்பத்திரியில வெறிநோய் ஊசிக்கு வருஷா வருஷம் முகாம் நடத்தறாங்க. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். 1895ல் லூயி பாஸ்டர் இறந்த நாள் அது. அதை ஒட்டி நிறைய இடத்துல காசில்லாமலே போடறாங்க. குட்டி எடுக்கறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா முதல் காரியமா வீட்டு காலண்டர்ல ஊசித் தேதிகளைக் குறிச்சு, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்துல கூட்டிட்டுப் போற ஆளோட பேரை எழுதுங்க. எழுத ஒரு பேர் இருந்தா வீடு தயார்.